கீறல் படாத சேவுகமூர்த்தி

எல்லையில் சண்டை நடந்த வருஷம் மார்கழி மாதத்தில், தாழிக்குறிச்சியில் மிளகாய்க் காட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த அரியநாச்சியின் வலது தொடையில் ஒரு துப்பாக்கிக் குண்டு வந்து பாய்ந்தது. சுட்டவன் யார் என்று சுற்றுமுற்றும் பார்த்தால், கூடக் களை எடுத்த பெண்களையும் வரப்பில் மேய்ந்த ஒரு வெள்ளாட்டையும் தவிர கண்ணுக்கெட்டிய மட்டும் ஆளில்லை, சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் குண்டை எடுத்து எனாமல் தட்டில் போட்டார். விசாரிக்க வந்த ஏட்டு அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, இது நாட்டுத் துப்பாக்கிச் சமாச்சாரமில்லை, அயல்தேசத்துச் சரக்கு, நம் ஸ்டேஷன் எல்லைக்குள் வராது என்று சொல்லி, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சண்டை முடிந்து அவள் அண்ணன் சேவுகமூர்த்தி லீவில் வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவன் தகரப் பெட்டியில் ஒரு பட்டாளத்து டிரவுசர் இருந்தது. அதில் வலது தொடைப்பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. டிரவுசருக்குள் இருந்த தொடையிலோ எறும்பு கடித்த தடம்கூட இல்லை. ஊர்க்காரர்கள் டிரவுசரின் ஓட்டையைப் பார்த்தார்கள், அரியநாச்சியின் தொடையில் இருந்த கட்டைப் பார்த்தார்கள், "கூடப்பொறந்தவன்னா சும்மாவா?" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணனும் தங்கையுமாக வளர்ந்தவர்கள் அவர்கள். அவன் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று, வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, நம் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சொல்லுவதைத்தான் அவளும் சொன்னாள்: "ஒனக்கு வர்றது எனக்கு வரட்டும்ணே." பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் சொல்லுவாள், புருஷனுக்கு அடிபட்டால் பெண்டாட்டி சொல்லுவாள். நாடு முழுக்க நாளெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், எந்தச் சாமியும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்கு ஏதோ ஒரு சாமி வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது, கேட்டு வைத்துக்கொண்டது. அய்யனாரா, காளியா என்று இன்றைக்கும் ஊரில் ஒத்த கருத்து இல்லை, அதைப் பற்றிப் பெரிய விசாரமும் இல்லை. ஒருமுறை சொன்னால் அடுத்த ஆரத்தித் தட்டுக்கு முன்னால் அவன் வந்து நிற்கும்வரை அது பலிக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பட்டாளத்தை விட்டு வந்து அவன் வெள்ளாமையில் இறங்கினான். ஆரம்பத்தில் தங்கச்சிக்கு வலிக்குமே என்று பார்த்துப் பார்த்துத்தான் நடந்தான். வயலுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடந்த சம்சாரி நம் தாலுகாவிலேயே அவன் ஒருவன்தான், ஊர் சிரித்தது, அவன் கேட்கவில்லை. ஆனால் வலிக்காதவனுக்கு எத்தனை காலம் பயம் இருக்கும்? ஒரு மழைக்காலத்தில் செருப்பு அறுந்தது, புதுச் செருப்பு வாங்க மறந்துபோனான். அதற்குப் பிறகு கருவேல முள் அவன் பாதத்தில் ஏறும், நொண்டுவது அரியநாச்சியாக இருக்கும். அவன் வெயிலில் உழுவான், கொப்புளம் அவள் கையில் கிளம்பும். ராப்பகலாகத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அவன் வந்து தெம்பாகத் தின்பண்டம் கேட்பான், அவள் அடுப்படியில் சுருண்டு கிடப்பாள். பக்கத்து வீட்டு ராக்காயி அரியநாச்சி கையை உதறுவதைப் பார்த்தால், "பட்டாளத்தாரு மம்பட்டியில வெட்டிக்கிட்டாக போல, ஓடிப்போய் மஞ்சப்பொடி எடுத்துட்டு வாடி" என்று தன் மகளை விரட்டுவாள். மஞ்சள்பொடி இவளுக்குத்தான். அவனைத் தேள் கொட்டினாலும் மந்திரிக்க இவளைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவன் வாசல் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் ஏன் சொன்னாள் என்று கேட்டால், வேறு என்ன சொல்லுவாள்? சொல்லாமல் அனுப்பி, அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால், ஊர் இவள் முகத்தைப் பார்க்குமா? அதைவிட, அவள் அண்ணன்மேல் உயிராக இருந்தாள். அம்மை போட்டுக் கிடந்தபோது இரவெல்லாம் வேப்பிலையால் வருடிக்கொடுத்தவன் அவன். அந்தக் கைக்காக அவள் எதையும் தாங்குவாள்.

அவன் அரசியலுக்கு வந்தது ஒரு கடப்பாரையால். தாழிக்குறிச்சி கால்வாயின் கடைமடை. மேல்மடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டால் இங்கே வாய்க்காலில் ஓணான்தான் ஓடும். ஒரு வருஷம் கதிர் வாங்குகிற சமயத்தில் பூட்டிவிட்டார்கள். சேவுகமூர்த்தி பத்து ஆட்களோடு கேட்கப் போனான், பேச்சு முற்றி மேல்மடைக்காரன் ஒருவன் கடப்பாரையை ஓங்கி அவன் தோளில் போட்டான். எலும்பு முறிகிற சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள், அது நாலு மைல் தள்ளி அவன் வீட்டு அடுப்படியில் கேட்டது. இங்கே சேவுகமூர்த்தி தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இன்னொண்ணு போடுறியா?" என்றான். அடித்தவன் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான். ஷட்டர் திறந்தது. அந்த வருஷமே அவனைப் பஞ்சாயத்துத் தலைவராக்கினார்கள், பிறகு ஒன்றியத் தலைவரானான், ஊர் அவனை 'அவர்' என்று சொல்லத் தொடங்கியது. கதைக்கு 'அவன்' போதும்.

மேடையில் அவன் மார்பைத் தட்டி, "இந்த மக்களுக்காக என் ரத்தத்தைக் கொடுப்பேன்" என்பான். வெளியூர்க்காரர்கள் கைதட்டுவார்கள். தாழிக்குறிச்சிக்காரர்கள் மரியாதையாகத் தரையைப் பார்ப்பார்கள், அல்லது அவர்களுக்கு நடுவில் தோளில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் அரியநாச்சிக்கு ஒரு சோடாவை உடைத்துக் கொடுப்பார்கள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொதுவாழ்க்கைக்கு வந்தவனுக்குக் குடும்பம் எதற்கு என்று சொல்லிக்கொண்டான்.

அரியநாச்சியைப் பெண் கேட்டு வருகிறவர்கள் விஷயம் தெரிந்ததும் எழுந்து போய்விடுவார்கள். கடைசியில் வயது ஏறிய பிறகு டவுனில் பஸ் கண்டக்டராக இருந்த காசிலிங்கம் என்கிறவர், "தழும்போட இருந்தா என்ன, மனுசிதானே" என்று கட்டிக்கொண்டார். நல்ல மனுஷர். ரெண்டு தடவை கரு தங்கவில்லை. ஒன்று அண்ணன் ஜீப்பிலிருந்து விழுந்த அன்று போனது, இன்னொன்று ஊர்வலத்தில் தடியடி நடந்த அன்று. மூன்றாவது தங்கியது. வளைகாப்புப் போட்டு, கை நிறைய கண்ணாடி வளையலோடு, வழக்கப்படி பிறந்த வீட்டுக்கு, அதாவது அண்ணன் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பிள்ளை உள்ளே உதைக்கிற உதையில் வளையல் குலுங்கும். "தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும், இப்பவே மடியைத் தொடச்சு வைங்கண்ணே" என்று சிரிப்பாள். அந்தப் பிள்ளை ஒன்றைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது ஒன்றுதான் அண்ணனிடமிருந்து வராமல் அவள் உடம்பில் தானாக வந்தது.

அந்தக் கோடையில் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஒருநாள் காலையில் அண்ணன் வெள்ளை வேட்டியும் துண்டுமாக வாசலில் வந்து நின்றான்.

"எங்கண்ணே கெளம்பிட்ட?"

"தாலுகா ஆபீஸ் முன்னால ஒரு கூட்டந்தான் ஆத்தா. போயிட்டு வந்துர்றேன்."

கூட்டம்தானே என்று அவள் சந்தோஷமாகவே ஆரத்தி சுற்றினாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். மத்தியானம் வாக்கில் ராக்காயி ஓடிவந்து, "ஏத்தா நாச்சி, ஒங்கண்ணன் தண்ணி வர்ற வரைக்கும் சாகும்வரை உண்ணாவிரதம்னு உக்காந்துட்டாகளாம்" என்று சொன்னபோது, அரியநாச்சி அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தாள். கழுவிய கையோடு பசித்தது.

தாழிக்குறிச்சி நன்றிகெட்ட ஊர் இல்லை. யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். மறுநாளிலிருந்து வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். வெள்ளாட்டுக்கறி, நாட்டுக்கோழி, விதைக்கு வைத்திருந்த நெல்லைக் குத்திப் பொங்கிய சோறு. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கல்யாண வீடு மாதிரி பானைகள் வந்து இறங்கின. பெண்கள் சுற்றி உட்கார்ந்து உருட்டி உருட்டி ஊட்டினார்கள். அவள் தின்றாள், தின்றது எங்கே போனதென்று தெரியவில்லை, கன்னம் ஒட்டியது, கழுத்தெலும்பு தெரிந்தது, வளையல்கள் முழங்கைக்கு ஏறி இறங்கின. பந்தலிலோ சேவுகமூர்த்தி நாளுக்கு நாள் மெருகேறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 'முகம் வாடாத தலைவர்' என்று பேப்பரில் படம் போட்டார்கள்.

தகவல் கேட்டு காசிலிங்கம் வந்தார். டவுனுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். "எங்க கூட்டிக்கிட்டுப் போனாலும் பசி கூடத்தானப்பா வரும்" என்று பெரியவர்கள் நியாயமாகச் சொன்னார்கள். அவர் நேரே பந்தலுக்குப் போய், அத்தனை பேர் பார்க்க மச்சினன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். சேவுகமூர்த்திக்குத் தலைகூட அசையவில்லை. காசிலிங்கம் ஊர் திரும்பி வீட்டுக்குள் நுழைந்தபோது, பெண்டாட்டியின் கன்னத்தில் தன் ஐந்து விரலும் பதிந்திருப்பதைப் பார்த்தார். கண்டக்டர் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளையின் உதை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் முழுக்க அசையவில்லை என்றதும் அரியநாச்சி வண்டி கட்டச் சொல்லிப் பந்தலுக்கே போனாள். கூட்டம் வழிவிட்டது.

"அண்ணே, புள்ளை அசைய மாட்டேங்குதுண்ணே. ஒரு வாய் மோர் குடி. ஒரே ஒரு வாய்."

அவன் தங்கையை மேலும் கீழும் பார்த்தான். பார்த்த கண்ணில் கொடுமை எதுவும் இல்லை. அதுதான் கொடுமை.

"என்னத்தா இப்படி எளச்சுப் போயிட்ட? வேளாவேளைக்குச் சாப்பிடுறதில்லையா?"

"சாப்புடுறேன். ஒம் பசி அடங்க மாட்டேங்குது."

"பசின்னா எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சுத்தா" என்றான் அவன், உள்ளபடிக்கே யோசித்துக்கொண்டு. "வயித்துக்குள்ள எரியுமா? குடையுமா? நீ சொன்னாத்தான் எனக்கு வெளங்கும். கலெக்டரு வர்றேன்னு ஆள் விட்ருக்காரு. இன்னும் ரெண்டே நாளு தாங்கிக்க. இத்தனை நாள் தாங்குனவ."

"நான் தாங்குவேன். அது தாங்காதுண்ணே. நீ அதுக்குத் தாய்மாமன்."

அந்தச் சொல் அவனை எங்கோ தொட்டிருக்க வேண்டும். அவள் கொண்டுவந்து வைத்திருந்த மோர்த் தம்ளரை எடுத்தான். எடுத்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. ராக்காயி முன்னால் வந்து அரியநாச்சியின் காலைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் வாயில் ஊட்டிய அதே கை.

"நாச்சி, எம் புள்ளைக ஊத்துல சேத்தை வடிச்சுக் குடிக்குதுகத்தா. நடுவுளவன் வயித்தால போயிப் போயிக் கெடக்கான். இன்னிக்கு ஒங்கண்ணன் எந்திரிச்சா எல்லாம் போச்சு. ஒனக்கு ஒண்ணு, எங்களுக்கு ஊரு முச்சூடும். ரெண்டு நாளு, தாயி."

அவள் பின்னால் ஒவ்வொரு பெண்ணாக விழுந்தார்கள். சேவுகமூர்த்தி தம்ளரைக் கீழே வைத்தான். "பாத்தியா" என்றான் தங்கையிடம், அவளுக்காக வருத்தப்படுகிற குரலில்.

அன்றைக்கு மறுநாள் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. ஒரு கையில் அடங்கியது. அழவில்லை. ராக்காயிதான் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, தன் புதுச்சேலையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தாள், குலுங்கிக் குலுங்கி அழுதாள், அந்த அழுகையில் பொய் இல்லை. அதே சாயங்காலம் கலெக்டர் உத்தரவோடு வந்தார். சேவுகமூர்த்தி எலுமிச்சம்பழ ஜூஸ் குடித்து விரதத்தை முடித்தான். அரியநாச்சிக்குப் பசி அடங்கியது. ஜூஸின் இனிப்பு மட்டும் அவள் நாக்குக்கு வரவில்லை. இனிப்பு எதுவும் என்றைக்கும் வந்ததில்லை.

மாலையோடு வீட்டுக்கு வந்தவன் துணிச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிமிஷத்தில் அரியநாச்சிக்கு இரண்டாவது அழுகை வந்தது. தன் அழுகை காலையிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது, அது அவளுக்குத் தெரிந்த அழுகை. இது வேறு. கரகரத்த, கனமான, ஆண்பிள்ளை அழுகை, நெஞ்சை இடித்துக்கொண்டு வெளியே வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் முகம் குளித்துத் துவட்டிய முகம் மாதிரி இருந்தது. அவனுக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. அதையும் அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளையைப் பட்டினி போட்டவன் பிள்ளைக்காக அழக்கூட வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரம் அவளுடையதுதான், அதில் யாருக்கும் பங்கில்லை.

தண்ணீர் திறந்துவிடுகிற நாளில் சுத்துப்பட்டுக் கிராமம் எல்லாம் கால்வாய்க் கரையில் நின்றது. ஷட்டரைத் திறந்துவிட்டு அப்படியே போய்ச் சட்டசபைத் தேர்தலுக்கு மனுப்போடுவதாக ஏற்பாடு. தங்கச்சி கையால் ஆரத்தி எடுக்காமல் தலைவர் அடியெடுத்து வைப்பாரா? பச்சை உடம்புக்காரியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து தட்டைக் கையில் கொடுத்தார்கள். தட்டில் செந்நிற நீர் தளும்பியது. அவள் சுற்றினாள், பொட்டு வைத்தாள், தட்டை இறக்கினாள். கூட்டம் காத்திருந்தது.

"சொல்லுத்தா" என்றான் அவன்.

அரியநாச்சி அண்ணனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஒனக்கு வர்றது ஒனக்கே வரட்டும்ணே."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. சேவுகமூர்த்தியின் பிடரியில் வெயில் சுட்டது. அவன் கையை உயர்த்திப் பிடரியைத் தொட்டுப் பார்த்தான், அது என்னவென்று புரியாதவன் மாதிரி. முழங்கால் நடுங்கியது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, தங்கையிடம் கேட்டானே, எரியுமா குடையுமா என்று, அது மெல்லப் பிடித்து முறுக்கியது. அவன் அவளுடைய தட்டையான வயிற்றைப் பார்த்தான். பார்த்தபடியே, "ஏத்தா… புள்ளை…" என்று ஆரம்பித்தான். வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்த அவன் கண்ணில் ஒரு சொட்டு திரண்டு இமையில் வந்து நின்றது. அரியநாச்சி அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது விழுந்துவிட்டால் அண்ணனை மன்னித்திருப்பாள்.

ஊருக்குப் பயம் பிடித்துவிட்டது. இப்படி அழுகிற தலைவனை வைத்துக்கொண்டு நாளைக்கு மேல்மடைக்காரனிடம் எப்படிப் போய் நிற்பது? அடிபட்டால் விழுகிறவன், பசித்தால் எழுந்துவிடுகிறவன் ஊருக்கு எதற்கு?

"ஐயா, ஒங்களுக்கு வர்றது எனக்கு வரட்டும்" என்றாள் ராக்காயி. கும்பிட்ட கையோடு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பக்கத்தில் நின்றவள் சொன்னாள், அவள் புருஷன் சொன்னான், கரையோரம் நின்ற இளவட்டங்கள் சொன்னார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் பிள்ளையின் கையையும் சேர்த்துக் கூப்பிவைத்துச் சொன்னார்கள், தாழிக்குறிச்சி சொல்லி முடித்த இடத்தில் அடுத்த ஊர் சொன்னது, பிறகு மொத்தக் கூட்டமும் ஒரே குரலாக, "எங்களுக்கு வரட்டும், எங்களுக்கு வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

இமையில் நின்ற சொட்டு விழவில்லை. நின்ற இடத்திலேயே காய்ந்தது. சேவுகமூர்த்தியின் முழங்கால் நேரானது. அவன் கூட்டத்தை ஒரு தடவை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், விளைந்த வயலைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தான். பிறகு சிரித்தான். இனி அவனுக்குத் தங்கை தேவையில்லை. அவளைத் தாண்டி ஷட்டருக்குப் போனான்.

துருவேறிய சக்கரத்தை அவன் இரண்டு கையாலும் பிடித்துத் திருகினான். அது ஒரு சுற்றுச் சுற்றி, சறுக்கி, பல்சக்கரம் பின்னோக்கி ஓடி, அவன் வலது கட்டைவிரலை உள்ளே இழுத்து நகத்தோடு நசுக்கியது. அவன் விரலை உருவிக்கொண்டு, பார்க்காமலே, மறுபடியும் திருகத் தொடங்கினான். கூட்டம் முழுவதும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் எழுந்தது. ஆண்களும் பெண்களும், ஆபீசர்களோடு வந்த டவாலிப் பியூன்களும், இடுப்பில் இருந்த கைக்குழந்தைகளும், அத்தனை பேரும் வலது கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நின்றார்கள். சப்பியபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், நமக்கும் வந்துவிட்டது என்கிற பெருமை முகத்தில் பொங்கியது, விரலை எடுக்காமலே சிலர் குலவை போடப் பார்த்தார்கள்.

தண்ணீர் நுரைத்துக்கொண்டு கடைமடைப் பக்கம் ஓடியது. அரியநாச்சி ஒருத்தி மட்டும் விரல் சப்பாமல் நின்றாள். அவளுக்கு மார் கட்டியிருந்தது. குடிக்க ஆளில்லாத பால் ரவிக்கையை நனைத்துக்கொண்டு வழிந்தது, உயிர் போகிற மாதிரி வலித்தது. யாருடைய வலி இது என்று பழக்கதோஷத்தில் ஒரு நிமிஷம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.